பஞ்சர் கூலி

நஞ்சப்பன் மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அதன் டயரில் வேறொரு கை பட்டதில்லை. முள் குத்தினால் அவனே கழற்றுவான், அவனே ஒட்டுவான், அவனே காற்றடிப்பான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்து அவன் லீவரைப் போட்டு நெம்புவதைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். இரண்டு கிணறும் ஒரு தென்னந்தோப்பும் உள்ள மனுசன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரன் சண்டைக்குப் போகும்போது விற்ற வண்டியைப் போட்டி போட்டு வாங்கினவன். வண்டிக்குக் கொட்டிக் கொடுத்தவனுக்குப் பஞ்சர் கூலி கொடுக்கக் கை நடுங்குகிறதே என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

கஞ்சன் என்ற பெயரை அவன் மறுக்கவே இல்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது. உண்மையை வெளியில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

உண்மை என்னவென்றால், மஞ்சவாடிக் கணவாயிலிருந்து அவன் ஊர் வழியாக அரூர் போகிற ரோட்டில் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில், பஸ் நிற்கிற புளியமரத்துக்கு எதிரில். அதை வைத்திருந்தவன் மாதப்பன். மாதப்பன் யார் என்றால், நஞ்சப்பனின் கூடப்பிறந்த தங்கை குள்ளம்மாளின் புருஷன்.

அந்தக் கல்யாணத்தை யாரும் பந்தல் போட்டுச் செய்து வைக்கவில்லை. மாதப்பன் அப்போது பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தான். வேறு சாதி. குள்ளம்மாள் ஒரு நாள் காலையில் களத்துக்குப் போகிறேன் என்று போனவள், அவன் வேலை பார்த்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். அப்பன் இல்லாத குடும்பத்தில் மூத்தவன் நஞ்சப்பன்தான். பங்காளிகள் கூடி அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் புதுப்பானை ஒன்றைக் கொண்டுபோய்க் கிணற்றுமேட்டில் போட்டு உடைத்தான். கிணற்றில் இறங்கித் தலை முழுகினான். செத்தவளுக்குச் செய்ய வேண்டியதை உயிரோடு இருக்கிறவளுக்குச் செய்துவிட்டு, ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்து சோறு தின்றான். இன்றைக்குக் கேட்டால் நமக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு ஊரில் அதற்குப் பேர் மானம்.

வீட்டில் எல்லாரும் முழுகினார்கள். அம்மா ரங்கம்மாள் மட்டும் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

தலை முழுகின பிறகு சில கட்டுப்பாடுகள் உண்டு. முழுகிவிட்டவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவளோடு முகம் கொடுத்துப் பேசக் கூடாது. குடும்பத்தில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவளுக்குச் செய்தி போகக் கூடாது. நஞ்சப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வண்டி வாங்கின புதிதில், மாதப்பன் பஸ் வேலையை விட்டுப் பாப்பிரெட்டிப்பட்டியில் கடை போட்டான் என்று காதில் விழுந்த வாரமே, சேலத்துக்குப் போய் லீவர், பம்பு, உப்புத்தாள், ஒட்டுகிற சொலூசன் எல்லாம் வாங்கி வந்துவிட்டான். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டான். தங்கை வாசலில் போய் நிற்காமல் இருப்பதற்காகவே ஒருத்தன் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டான் என்றால், அந்த வீம்பை என்னவென்று சொல்வது!

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து, ஊரில் ரப்பர் சாமான் எதுவுமே கிடைக்காமல் போன சமயம் அது. அந்த மாசியில் ரங்கம்மாள் உண்மையாகவே படுத்துவிட்டாள். மார்ச்சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. அரூரிலிருந்து வந்து பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்தார். இது கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் நம் கையில் இல்லை, தீர்ந்ததும் ஆள் அனுப்புங்கள், இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை தீர்ந்த அன்று காலை நஞ்சப்பன் வண்டியை வெளியே தள்ளினான். உள்ளே ரங்கம்மாள் அவனைக் கூப்பிட்டாள்.

அவள் பேசிப் பேசி மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நெஞ்சு ஏறி இறங்கியது.

"மாத்திரை வேணாம்டா நஞ்சப்பா. குள்ளிய கூட்டியா. அவள ஒரு வாட்டி பாத்துட்டா போதும்."

அவன் மனைவி ராணியம்மாள் சுவரோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன், மாத்திரை தின்றால் எழுந்து உட்காருவாய் ஆத்தா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான். மாத்திரை வாங்கி வந்தால் அம்மா பிழைத்துக்கொள்வாள், அம்மா பிழைத்துக்கொண்டால் தங்கையைக் கூட்டிவர வேண்டியதில்லை. அவன் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

பாப்பிரெட்டிப்பட்டி ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பின்சக்கரம் தள்ளாடியது. இறங்கிப் பார்த்தான். கருவேல முள், விரல் நீளத்துக்கு. இது அவனுக்குப் புதிது இல்லை. வேலிக்கல்லில் வண்டியைச் சாய்த்துவிட்டு டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, எச்சில் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமும் செய்துவிட்டான். பிறகு சொலூசனைப் பிதுக்கினான். வரவில்லை. குழாயைக் கிழித்துப் பார்த்தான். உள்ளே இருந்தது பழைய வெல்லப்பாகு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. கடைசியாக இருந்த ஒன்றும் அதுதான். சண்டை முடிகிறவரை வேறு கிடைக்காது என்று சேலத்துக் கடைக்காரன் அப்போதே சொல்லியிருந்தான்.

விடுவானா? ஓட்டை இருந்த இடத்தைப் பைபோலக் கூட்டிப் பிடித்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். டயரை மாட்டிக் காற்றடித்தான். நின்றது. அப்பாடா என்று ஏறி உட்கார்ந்து ஏரிக்கரை முடிகிறவரைக்கும் போனான். அங்கே பொத்தென்று ஒரு சத்தம். கயிறு அறுத்த இடத்தில் ட்யூப் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்து கிடந்தது.

இதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்த ஒரே பஸ்ஸும் காலையிலேயே போய்விட்டது. மாட்டுவண்டி பிடித்தால் அரூர் போய்ச் சேரும்போதே பொழுது சாய்ந்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணுக்குள் வந்தாள். நஞ்சப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஊருக்குள் நுழைந்து புளியமரம் தெரிந்ததும் கால் ஒரு தடவை நின்றது. பிறகு போனான்.

மாதப்பன் கடைமுன் உட்கார்ந்து சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தான். மாதப்பன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டான். நஞ்சப்பன் புளியமரத்தடிக் கல்லில், கடையைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு சாக்குப்படுதா. படுதா விலகிக் குள்ளம்மாள் வந்தாள். இளைத்திருந்தாள். காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்.

"வந்தவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க."

மாதப்பன் நஞ்சப்பனைப் பார்த்தான். நஞ்சப்பனுக்குத் தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிழிசல் பெரிது, சும்மா ஒட்டினால் நிற்காது, சூடு போட்டுத்தான் ஆகவேண்டும், கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று மாதப்பன் ட்யூபிடம் சொல்வதுபோலச் சொன்னான். இன்னும் வேகாத பச்சை ரப்பர் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தான். அந்தச் சமயத்தில் அது தங்கத்துக்குச் சமானம். கிழிசல் மேல் அதை வைத்து, இரும்புக் கவ்வியில் ட்யூபைக் கொடுத்து முறுக்கினான். கவ்விக்கு மேலே ஒரு பழைய பிஸ்டன். அதன் குழியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, துணித்திரி போட்டுப் பற்றவைத்தான். இனி அது எரிந்து அடங்க வேண்டும், அடங்கி இரும்பு ஆற வேண்டும். அதுவரை யாருக்கும் அங்கே வேலை இல்லை.

நஞ்சப்பன் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆத்தாவுக்கு முடியவில்லை, உன்னைக் கேட்கிறாள், இவ்வளவுதானே. ஆனால் தலை முழுகினவன் வாயாலேயே செய்தி போனால் முழுகினதற்கு என்ன அர்த்தம்? கேட்ட மாத்திரத்தில் அவள் கிளம்பிவிடுவாள். பட்டப்பகலில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்த்தெருவில் போக வேண்டும். போனால் பங்காளிகள் நாளைக்கு வாசல் மிதிப்பார்களா? சரி, அவளே கேட்கட்டும் என்று எண்ணினான். வூட்ல எல்லாரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்டாளானால், கேட்டதற்குப் பதில் சொன்னதாகப் போய்விடும். பதில் சொல்வது செய்தி சொல்வது ஆகாது. எப்படி இருக்கிறது நியாயம், பாருங்கள்!

உள்ளே அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்க அவளுக்கு வாய் துடித்தது. ஆனால் செத்தவள் என்று முழுகிவிட்டவர்களிடம் செத்தவள் எப்படிக் குசலம் விசாரிப்பது? அவர்களாகச் சொன்னால் உண்டு. இதை அவள் பிறகு சொல்லித்தான் நஞ்சப்பனுக்குத் தெரியும். அன்றைக்கு அவனுக்குத் தெரிந்ததெல்லாம், படுதாவுக்குக் கீழே அசையாமல் நின்ற இரண்டு பாதங்கள்தான்.

அந்தப் பாதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண்குழந்தை நழுவி வெளியே வந்தது. நெருப்பைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடியது. மாதப்பன் குறுக்கே கை கொடுத்துத் தடுத்து, ரங்கம்மா, அந்தப் பக்கம் போ என்று அதட்டினான்.

"எங்க ஆத்தா பேரச் சொல்லி அதட்டாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குழந்தை நஞ்சப்பனை ஏற இறங்கப் பார்த்தது. ஆத்தாவின் அதே நெற்றி, அதே தாடை. அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பிஸ்டனில் நெருப்பு சிறுத்து, நீலமாகி, அணைந்தது. இரும்பு ஆறியதும் மாதப்பன் கவ்வியைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டினான். ஒரு குமிழிகூட வரவில்லை. டயருக்குள் கை விட்டுச் சுற்றித் தடவி, ஒடிந்து நின்ற முள் முனையையும் பிடுங்கி எறிந்தான். மாட்டிக் காற்றடித்து, வண்டியைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தினான்.

இப்போது நஞ்சப்பனுக்குப் பேச்சு வந்தது.

"கூலி எவ்ளோங்க?"

வேணாங்க, நீங்க கெளம்புங்க என்றான் மாதப்பன். மரியாதையாகத்தான் சொன்னான். நஞ்சப்பனுக்கு அது நெருஞ்சியாகக் குத்தியது. காசு வாங்காமல் செய்தால் அது உறவு. உறவை அவன் எப்படி ஒப்புக்கொள்வது? காசை எடுத்து நீட்டிக்கொண்டே நின்றான். மாதப்பன் கையை நீட்டவில்லை. குள்ளம்மாள் படுதாவை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அப்போதும் அண்ணன் பக்கம் பார்க்கவில்லை.

"வாங்கிக்கோங்க. ஒறவா இருந்தா கூலி கேப்பாங்களா? கேக்கறாங்க இல்ல, வாங்கிக்கோங்க."

மாதப்பன் வாங்கிக்கொண்டான். நஞ்சப்பன் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான். கூலி கொடுத்தாகிவிட்டது, யாருக்கும் கடமைப்படவில்லை என்று அரூர் போகிறவரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். இரண்டாவது தடவை சொல்லும்போதே அது அவனுக்குப் பொய்யாகத் தெரிந்தது.

டாக்டர் மாத்திரையைக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் மறுபடியும் புளியமரம். கடைவாசலில் குள்ளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எதற்காக நின்றாளோ. வண்டிச் சத்தம் கேட்டு ரோட்டைப் பார்த்தாள். நஞ்சப்பன் வேகத்தைக் கூட்டினான். டயர் காற்று இறங்காமல் கல்மாதிரி இருந்தது. மாதப்பன் ஒட்டின ஒட்டு அப்படி.

வீட்டில் ரங்கம்மாளின் மூச்சு காலையில் இருந்ததைவிட மேலே ஏறியிருந்தது. ராணியம்மாள் மாத்திரையைப் பொடித்துக் குழைத்து வாயில் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி வழிந்தது. ரங்கம்மாள் கண்ணைத் திறந்து, மகனுக்குப் பின்னால் வாசல்படியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் மகனைப் பார்த்தாள். அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து சொல்லிவிட்டான். வழியில் வண்டி நின்றுபோனதையும், குள்ளி கடைக்குப் போனதையும், அவளைப் பார்த்ததையும், அவளுக்கு ஒரு பெண்குழந்தை இருப்பதையும், அந்தக் குழந்தைக்கு ஆத்தாவின் பேர்தான் வைத்திருக்கிறாள் என்பதையும் சொன்னான்.

ரங்கம்மாளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கை எழும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கை அனலாகக் கொதித்தது.

"பேர் வெச்சவள வுட்டுட்டு, பேர மட்டும் கொண்டாந்தியாடா?"

நஞ்சப்பன் எழுந்தான். பங்காளிகள் ஞாபகம் வரவில்லை, கிணறு ஞாபகம் வரவில்லை. ராணியம்மாள் பின்னாலேயே வந்து, சீக்கிரம் போங்க, நான் ஆத்தாகூடப் பேசிக்கிட்டே இருக்கேன், தூங்க விடமாட்டேன் என்றாள். வண்டியில் மிச்சம் இருந்த பெட்ரோல் போய்வரக் காணுமா என்றுகூட அவன் பார்க்கவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கடைக்கு எதிரில் வண்டியை அணைக்காமலே நிறுத்தி, மூன்றாவது மனிதரிடம் சொல்வது போல் இல்லாமல், நேராக அவளைப் பார்த்துச் சொன்னான். ஆத்தாவுக்கு முடியல குள்ளி, உன்னத்தான் கேக்கறா, வா. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாவுக் கையோடு வந்து வண்டியில் ஏறினாள். மாதப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றான். வழியெல்லாம் அவள் அண்ணன் தோளைப் பிடிக்கவில்லை. ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் சீட்டுக் கம்பியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். வண்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி விலகி வழி விட்டார்கள். குள்ளம்மாள் இறங்கி வாசல்படியில் கால் வைத்ததும் நின்றாள். கட்டில் காலியாக இருந்தது. அம்மாவைத் தரையில் இறக்கிப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. ராணியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இப்பத்தான், வண்டிச் சத்தம் கேக்கறதுக்குக் கொஞ்ச முன்னாலதான் என்றாள்.

குள்ளம்மாள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துக் குழந்தையின் தலைமேல் வைத்தாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி எடுத்து வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் அவள் ஒப்பாரி எடுப்பாள் என்று காத்திருந்தார்கள். பங்காளிகளில் ஒருவர்கூட அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நஞ்சப்பன் என்ன செய்திருப்பானோ தெரியாது. அவன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

அவள் அழவில்லை. தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக, யாரையும் நடுவில் வைக்காமல், அவனிடம் பேசினாள். குரல் தணிந்துதான் இருந்தது.

"நெருப்பு அணையற வரைக்கும் எங்கூட்டு எதிர்லயே குந்தினு இருந்தியேண்ணா. நானும் படுதாகிட்டயே நின்னுனு இருந்தேன். கூலி எவ்ளோன்னு கேக்க வாய் வந்துச்சே. ஆத்தா கெடக்கறான்னு சொல்ல வரலியா?"

அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.